பேலன்ஸைப் பேசித் தீர்த்தவள்

பத்து செகண்டு என்கிற பெயரை முதன்முதலில் கேட்டது என் சின்ன நாத்தனார் வீட்டுச் சமையலறையில். போன் அடித்தது. நாத்தனார் எடுத்து "ம்" என்றாள், "சரி" என்றாள், அவ்வளவுதான். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

"யாரு அது, இவ்வளவு கோவமா வைக்கிறது?" என்று கேட்டேன்.

"கோவமும் இல்ல, மண்ணும் இல்ல அண்ணி. பத்து செகண்டு. அவ எப்பவும் இப்படித்தான்."

முறை பார்த்தால் அவள் நாத்தனார் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்கும் தங்கை முறைதான் ஆகவேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. பேசுகிற பேச்சுக்கு செகண்டு பார்த்துக் காசு பிடித்த காலம் அது. போனை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்து, நறுக்கி, மிச்சத்தை மட்டும் பேசுவாள். ஒரு தடவை விடியற்காலையில் கூப்பிட்டு, "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சுகம். வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள். பெற்றது யார் என்று தெரியாமல், வயிற்றுப்பிள்ளைக்காரி இருந்த வீடாகப் பார்த்து நாங்கள் ஒவ்வொன்றாகப் போன் போட வேண்டியதாயிற்று. அவள் மிச்சம் பிடித்த காசு எங்கள் தலையில் விடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. ஆறு வார்டுத் துணியும் அங்கேதான் வந்து விழும். துவைக்கிறதும் உலர்த்துகிறதும் மெஷின். மடிக்கிறது மட்டும் ஆள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி, சுருக்கம் எடுத்து, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவளோடு மறுமுனை பிடித்தவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. ஒருத்தி பேசவே மாட்டாள், ஒருத்தி நிறுத்தவே மாட்டாள். அந்த ஜோடிதான் அந்தக் கூடத்திலேயே அதிகம் மடிக்கும் என்று மேஸ்திரியே சொல்வார்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம் போகிற தூரத்தில் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். பெண்டாட்டி, கைக்குழந்தை, இரண்டு அறை வீடு. ஒவ்வொரு தடவை பேசும்போதும் கடைசியில் அதே கேள்வியில் வந்து நிற்பான்.

"ம்மா, எப்ப வந்து எங்களோட இருக்கப் போற? உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."

"பாக்கலாம்டா. காசு ஓடுது, வெச்சிடறேன்."

அவளுக்குப் போக விருப்பமில்லை. மகன் மேலோ மருமகள் மேலோ ஒரு குறையும் கிடையாது. மருமகள் தங்கமான பெண். விஷயம் வேறு. பிறந்ததிலிருந்து அவள் கூட்டத்திலேயே வாழ்ந்தவள். அப்பா வீட்டில் ஏழு பேர், மாமியார் வீட்டில் பதினோரு பேர், தாலியறுத்த பிறகு கொஞ்ச காலம் அண்ணன் வீட்டு ஹாலில் ஒரு மூலை. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், இரும்புப் படி ஏறிப் போகிற மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். வேலை முடிந்து வந்து தன் சாவியால் தன் கதவைத் திறப்பாள். ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் அவள் இஷ்டம். சோம்பலாக இருந்தால் சாப்பிட்ட தட்டைக் காலையில் கழுவலாம். அறைக்கு நடுவில், கையையும் காலையும் விரித்துப் போட்டுப் படுக்கலாம். ஐம்பது வயசு தாண்டியபின் இப்படி ஒரு சுகம் கைக்கு வந்திருக்கிறது. அதைப் பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? "உன்னோட இருக்கறதைவிடத் தனியா இருக்கறது நல்லா இருக்கு" என்றால் எந்தப் பிள்ளை பொறுப்பான்? அதனால், ஓடுகிற காசு அவளுக்கு ரொம்ப உபகாரமாக இருந்தது.

அந்தக் காசே ஒரு நாள் அவளுக்கு வம்பாக வந்தது. மாசம் முழுக்கப் பேசியது இவ்வளவுதான், ஆனால் பேலன்ஸ் பாதிதான் இருந்தது. ரேடியோ போனை வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, உங்களைக் கூப்பிடறவங்களுக்குப் பாட்டுக் கேக்குதாம். அதுக்கு மாசாமாசம் பிடிக்கிறான்!"

"நான் எப்ப பாட்டு வேணும்னு கேட்டேன்?"

"எதையாவது அமுக்கியிருப்பீங்க. ஆனா நல்ல பாட்டுத்தான். காதல் பாட்டு."

"சீ, எழவு. பெரிய மச்சான்கூட கூப்பிடுவாரேடி!"

அன்றைக்கே கம்பெனியை மாற்றிவிடுவது என்று தீர்மானமாகிவிட்டது. மாசத்துக்கு ஒரு தொகை கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ஒரு புதுக் கம்பெனி வந்திருந்தது. இவள் தெண்டம் அழுததில் பாதிகூட அதற்கு ஆகாது. நம்பரும் அதேதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. கடைக்காரர் அவள் விரலை ஒரு கண்ணாடியில் வைத்து அழுத்தச் சொன்னார். லாண்டரிச் சோடாவில் ஊறித் தேய்ந்த விரல். ரேகை விழவே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இடது கை சுண்டுவிரலில் காரியம் ஆனது.

"இந்தாங்க புது சிம். பழசுல இப்ப பேசிக்கிட்டே இருங்க. நாளைக்கு, இல்லேன்னா மறுநாள் டவர் போயிடும். அப்ப இதை எடுத்துப் போடுங்க."

"அதுல இருக்கற பேலன்ஸ்? போன வாரம்தான் நிறையப் போட்டேன்."

"அது வராதுக்கா. போயிடும்."

"எங்க போகும்?"

"கம்பெனிக்கே போயிடும்."

"பாட்டுக்குப் பிடிச்சது பத்தாதாமா அவனுக்கு?"

கடைப்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்: ஒரு காசு விடக்கூடாது. மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து ஒவ்வொரு உறவாகக் கூப்பிட ஆரம்பித்தாள். சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. பத்து செகண்டில் எல்லாம் முடிந்துவிடுகிறது! அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல், ஞாபகத்தில் அடியில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் போட்டாள்.

என் நாத்தனாரிடம், "நீ ஒரு மழை நாள்ல எனக்குக் குடை குடுத்தியே, நான் திருப்பியே தரல. மனசுல வெச்சுக்காத" என்றாள். நாத்தனாருக்குக் குடையே ஞாபகமில்லை. வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத பெரிய மச்சானைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நடந்ததுக்கெல்லாம் எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்லை" என்று சொல்ல, நின்றிருந்த மனுஷன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பெண்டாட்டியிடம், அந்த ஹால் மூலையில் படுத்திருந்த காலத்தில் அவள் ஊற்றிய காப்பி நன்றாக இருந்தது என்று ஒரு நாளும் சொல்லவில்லையே என்று சொன்னாள். காசு ஓடாதா என்று யாராவது கேட்டால் மட்டும், "பேலன்ஸ் இருக்கு, பேசு பேசு" என்பாள். பேச்சு நீள நீள அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனையும் தனக்குள் இருந்ததா?

சாயங்காலம் மகனைக் கூப்பிட்டாள். அவன் சின்னதில் ஆஸ்பத்திரி விரிப்புக் கட்டின்மேல் ஏறித் தூங்கியது, அவன் அப்பா அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், போன இடத்தில் தொலைத்துவிட்டு வந்த செருப்பு, எல்லாம் பேசினாள். அவனும் சிரித்தான். பேசிய தைரியத்தில், சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

"இத்தனை நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீ மனசைத் தளர விடக் கூடாது. நான் இனிமே..."

டவர் போய்விட்டது.

போனைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, போயிடுச்சு" என்றாள். பேலன்ஸ் அநேகமாகத் தீர்ந்திருக்கும், ஒரு காசும் விடவில்லை என்ற நிறைவு. புது சிம்மைப் போட நகத்தால் மூடியை நெம்பிப் பார்த்தாள், திறக்கவில்லை. காலையில் ரேடியோ போட்டுத் தருவாள். சாப்பிட்டாள், தட்டை அப்படியே வைத்தாள், விரித்துப் படுத்தாள், தூங்கிவிட்டாள்.

அதற்குள் உறவு முழுக்கத் தீப்பிடித்துவிட்டது. குடைக்காக மன்னிப்புக் கேட்டாளாம், மச்சானிடம் வருத்தம் இல்லை என்றாளாம், இப்போது போன் அணைந்து கிடக்கிறதாம். பத்து செகண்டு அரை மணி நேரம் பேசினாள் என்றால் வேறு என்ன அர்த்தம்? நாத்தனார்தான் மகனைக் கூப்பிட்டாள். "டேய், உங்க அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுக் கிளம்பற மாதிரி பேசினாடா." அவன் அன்று ராத்திரியே பஸ் ஏறினான்.

காலையில் முதல் கட்டு விரிப்பைப் பிரித்து, உதறி, முனையோடு முனை சேர்க்கும்போது சலவைக்கூடத்து வாசலில் மகன் நின்றான். தலை கலைந்து, சட்டை கசங்கி, கண் சிவந்து. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா இது, சொல்லாம கொள்ளாம? குழந்தைக்கு ஏதாவது...?"

"உனக்கு என்னம்மா ஆச்சு?"

"எனக்கு என்ன ஆகணும்? கம்பெனி மாத்தினேன்."

அவனுக்குப் புரிய வைக்க ரேடியோதான் வர வேண்டியிருந்தது. பாட்டு, பேலன்ஸ், சுண்டுவிரல் எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்ததும் அவன் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"ராத்திரியெல்லாம் பஸ்ல என்னென்ன நினைச்சேன் தெரியுமா? போதும்மா. கிளம்பு. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படிடா தூங்கறன்னு அத்தை கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

ரேடியோ முனையை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விரிப்பின் ஒரு பாதி தரையில் கிடந்தது.

"அதைப் பிடி, அழுக்காகுது" என்றாள் அம்மா. பிடித்தான். "நேத்து சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். நான் வரலடா."

"ஏன்? அவ ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. யார் மேலயும் கோவம் இல்ல."

"பின்ன?"

"எனக்குத் தனியா இருக்கப் பிடிச்சிருக்கு."

ஒரு சண்டைக்கு அவன் தயாராக வந்திருந்தான். சமாதானத்துக்கும் தயாராக வந்திருந்தான். இதற்குத் தயாராக இல்லை. "பிடிச்சிருக்கா?" என்றான். "இந்த வேலையும், அந்த ஒத்தை ரூமும்?"

"ஆமா. சொன்னா நீ தப்பா எடுத்துப்பியோன்னு இத்தனை நாளா காசைச் சாக்குச் சொன்னேன். இனிமே அந்தச் சாக்கும் இல்ல. புதுக் கம்பெனியில காசு ஓடாது."

அவன் அந்த விரிப்பை மடித்து முடித்துக் கொடுத்தான். மத்தியானம் மாடி அறைக்கு வந்து குளித்தான். கழுவாத தட்டைப் பார்த்தான், கழுவி வைத்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. புது சிம்மைப் போட்டுக் கொடுத்தான். பஸ் ஏறும்போது, "நான் பாத்துக்கலேன்னுதான் எல்லாரும் பேசுவாங்க" என்றான். "பேசட்டும். நான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்றேன், இப்பதான் காசில்லாம பேசலாமே" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் அவன் கூப்பிடவே இல்லை. முன்பெல்லாம் பேசாமல் இருந்தால் காசு என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அது மௌனம்தான், வேறு பெயர் சொல்ல வழியில்லை. அறை அதே அறைதான். ஆனால் விரித்துப் படுத்தால் தூக்கம் வரவில்லை. சொன்னது தப்போ என்று அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தாள். ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

எடுத்தான். "சொல்லு" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. பின்னால் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம். ஆனால் இருவரும் போனை வைக்கவும் இல்லை. அவள் பருப்பைக் கல் பார்த்துப் புடைத்து, ஊற வைத்து, அடுப்பையும் மூட்டிவிட்டாள். அப்போதுதான் அவன் பேசினான்.

"ம்மா, அந்த ரூமை என்ன பண்றது? உனக்குன்னு வெச்சிருக்கேனே."

"குழந்தைக்கு விடு. நான் வரும்போது பேத்திகூடப் படுத்துக்கறேன்."

"வருவியா?"

"வருவேன். வந்துட்டுத் திரும்பி வந்துடுவேன்."

"சரி" என்றான். அந்தச் சரிக்குள் கொஞ்சம் கசப்பு இருந்தது என்று அவளே நாத்தனாரிடம் சொன்னாள். இருக்கத்தானே செய்யும்.

இப்போது அவள் சலவைக்கூடத்து வேலையை விட்டுவிட்டாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வருஷத்தில் ஒரு மாசம் மகன் வீட்டில் இருக்கிறாள். மிச்ச மாசமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், அதே மாடி அறையில் இருக்கிறாள்.