பொட்டு வைத்த டிஸ்க்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மறைமலை நகர் ஆலை திறந்த காலையில், எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு சர்வரை ஆன் செய்தேன். எட்டு பன்னிரண்டுக்கு அது பாதியில் நின்றுவிட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து: ஆய்வுப் பதிவுகள் இருக்கும் பகுதியைத் திறக்க முடியவில்லை, கடவுச்சொல் கொடுத்து நீயே பார்த்துக்கொள்.

நேரத்தைக் குறித்துக்கொள்வது பழைய தொழிலின் பழக்கம். பதினோரு வருடம் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பக்கங்களைச் சேமிக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்ள அங்கே தனி ஆள் கிடையாது. திட்டு வாங்கி வாங்கி நானே கற்றுக்கொண்டேன். பத்திரிகையை மூடியபோது, செய்தி எழுதத் தெரியும் என்றதற்கு யாரும் வேலை தரவில்லை. சர்வர் தெரியும் என்றதற்குத் தந்தார்கள். சிட்லபாக்கத்தில் வீடு. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தால் ஆலைக்கு நேரத்தோடு போய்விடலாம்.

ஆலை சிறியது. கார்களுக்கான எஃகு வளையங்களைச் செய்கிறோம். ஒரே தடவையில் செய்த தொகுப்பு ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலும் சில வளையங்களை எடுத்து உள்விட்டத்தை அளப்பார்கள். அளவு சரியாக இருந்தால் லாட் போகும். இல்லையென்றால் 'ஹோல்டு' போட்டு நிறுத்துவார்கள். அளந்த எண், அளந்தவரின் எண், நேரம் எல்லாம் சர்வரில் பதிவாகும்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு விசாரணை இருந்தது. ஒரு லாட் விட்டம் பெரிதாக இருக்கிறதென்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்திருந்தது. அளக்காமலே அனுப்பிவிட்டார் என்று ஆய்வு மேஜையில் பதினான்கு வருடம் உட்கார்ந்த ஒரு பெண்மீது குற்றச்சாட்டு. "அளந்தேன், ஹோல்டு போட்டேன்" என்று அவள் சொன்னாள். அந்தப் பதிவு திரையில் தெரிந்தால் அவளுக்கு வேலை இருக்கும். தெரியாவிட்டால் அன்றே வெளியே. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

குற்றச்சாட்டுக் கடிதம் கையில் வந்த அன்றே என்னிடம் வந்து பிரிண்ட் கேட்டாள். மேலாளர் கையெழுத்து இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் விதியைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்வருக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினேன். "உன் நம்பரெல்லாம் இதுலதான் இருக்கு. எங்கயும் போகாது." இந்த வாக்கியத்துக்கு நான் பின்னால் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

சர்வரில் எல்விஎம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பக்கத்துப் பக்கத்து மனை இரண்டை வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, நடுக்கோட்டைப் பார்க்காமல் அதன்மேல் வீடு கட்டுவதுபோல. இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே இடமாக்கி, அதில் வேண்டிய அளவுக்கு அறை பிரித்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு முன் இடம் தீர்ந்தபோது, சர்வருக்குள் புது டிஸ்க் போட இடமில்லை. தற்காலிகமாக என்று சொல்லி ஒரு வெளி டிஸ்க்கை, அந்தக் கறுப்புப் பெட்டியை, வயரில் மாட்டிச் சேர்த்தேன். தற்காலிகம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் ஒரு லேபிள்கூட நான் ஒட்டவில்லை. பேக்கப் எடுக்கத் தனி டிஸ்க் கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்று கடிதமும் கொள்முதல் பிரிவில் இருந்தன.

கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், டிஸ்க்குகளின் பட்டியலைக் கேட்டேன். ஒன்று இருந்தது. இரண்டாவதன் இடத்தில் 'தெரியாத சாதனம்' என்று வந்தது. ஆய்வுப் பதிவு இரண்டு மனையிலும் கால் வைத்து நிற்கும் வீடு. ஒரு மனையைக் காணோம்.

உற்பத்தி மேலாளர் வந்தார்.

"மேடம், லைன் நிக்குது. எவ்ளோ நேரம்?"

"ஒரு டிஸ்க்கைக் காணோம் சார்."

"டிஸ்க் எப்படிக் காணாமப் போகும்? கால் மொளைச்சிடுச்சா?"

கேளம்பாக்கத்திலிருந்து எங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒப்பந்தக்காரரை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் குரல் அவசரப்படவே இல்லை. "சிம்பிள் மேடம். காணாமப் போன டிஸ்க்கை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுங்க. கூட ஃபோர்ஸ் போடுங்க. ரெண்டு நிமிஷம்."

"ஆய்வுப் பதிவு மொத்தமா போயிடும்."

"புதுசா ஒண்ணு கிரியேட் பண்ணிக்கலாம் மேடம். ஓல்ட் டேட்டாதானே?"

"உங்க கல்யாண ஆல்பமும் ஓல்ட் டேட்டாதான் சார்."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. அவர் சொன்ன கட்டளை எனக்குத் தெரியும். வெறுமனே கொடுத்தால், இன்னும் பாதி உயிரோடு ஒரு பகுதி இருக்கிறது என்று சொல்லி அதுவே மறுத்துவிடும். 'ஃபோர்ஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் கேட்கும். சேர்த்துவிட்டால், பிறகு டிஸ்க் கிடைத்தாலும் வீடு இல்லை.

"பண்ணுங்க மேடம்," என்றார் மேலாளர். "பழசெல்லாம் யாருக்கு வேணும்?"

"மூணு மணிக்கு ஒருத்தருக்கு வேணும் சார்."

"அதை நாங்க பாத்துக்கறோம். இது ஆர்டர்."

"எழுதிக் குடுங்க."

நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். பத்திரிகையில் ஒரு செய்தியை எடுக்கச் சொல்பவர்கள் எப்போதும் வாயால்தான் சொல்வார்கள். எடுத்த பிறகு, யார் எடுத்தது என்று கேட்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். அதனால் புரூஃபின் ஓரத்தில் அவர்கள் சுருக்கக் கையெழுத்துப் போடாமல் நான் ஒரு வரியையும் வெட்டியதில்லை. இங்கே பாத்ரூம் பல்பு மாற்றக்கூடச் சீட்டு எழுதுகிறோம். பதினான்கு வருடப் பதிவை அழிக்கச் சீட்டு வேண்டாமா?

அவர் பேனாவைத் தொடவில்லை. "அரை மணி நேரம். அதுக்கப்புறம் அவரையே இங்க வரச் சொல்லிப் பண்ண வெக்கறேன்," என்றார். மணி எட்டு ஐம்பது. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாக ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்து வந்து சேர, காலை நேரத்தில் அரை மணி போதாது என்பது எனக்குத் தெரியும்.

சர்வர் அறைக்குப் போனேன். விடுமுறைக்கு முந்தைய நாள், ஆலையில் பூஜை நடந்த அன்று, சர்வரை நிறுத்தியது நான்தான், மதியம் இரண்டு நாற்பதுக்கு. பூஜைக்கு வைத்த கருவியை மறுபடி எடுக்கும்வரை ஓட்டக் கூடாது என்பது ஆலையின் வழக்கம். லேத் மெஷினுக்கு உள்ள வழக்கம்தான் சர்வருக்கும். அதன் நெற்றியில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். பின்பக்கம் டிஸ்க்கின் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மேஜையைத் துடைத்திருந்ததால் தடம் ஏதும் இல்லை.

ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் பூஜைப் படங்கள் இருந்தன. படத்தை நான் பார்க்கும் விதம் ஒன்றுதான்: இடமிருந்து வலம். சிவப்புத் துணிமேல் மைக்ரோமீட்டர், வெர்னியர், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ், ஸ்பேனர் செட். ஐந்தாவதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதன்மேல் பொட்டும் ஒரு சாமந்திப் பூவும்.

கேஜ்களைப் பூஜைக்கு எடுத்து வைப்பது ஆய்வுப் பிரிவுக்காரர்கள். ஆய்வு மேஜைப் பெண் மூன்று மணி விசாரணைக்காகக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். எதிரில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"சர்வர் பக்கத்துல இருந்த கறுப்புப் பெட்டியை யார் எடுத்தாங்க, தெரியுமா?"

"நான்தான்க்கா. ஏன், இன்னா ஆச்சு?"

"எதுக்கு எடுத்த?"

"நீதானேக்கா சொன்ன, என் நம்பருங்கல்லாம் அதுலதான் கீதுன்னு? கேஜுக்கு, ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வெச்சுகினு இருந்தாங்க. என் வேலையே அதுக்குள்ள கீது. அத உட்டுட்டு ஸ்பேனருக்கு வெக்கச் சொல்றியா?"

"நீ சர்ச்சுக்குப் போறவ."

"அங்க ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டேன். இது மிஷினு சமாச்சாரம். இங்கதான் சொல்லணும்."

"சொல்லிட்டு எங்க வெச்ச?"

"கேஜுங்களோட சேத்து மரப்பெட்டில வெச்சுப் பூட்டிட்டேன். வெளிய வெச்சா எவனாவது எடுத்துட்டான்னா?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "தப்பாக்கா?"

"தப்பு என்னுது," என்றேன்.

அளவுக் கருவிகளை வைக்கும் கேஜ் அறையின் சாவி வாசல் காவலரிடம் இருக்கும். வாங்கினால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பூஜையன்று மாலை நான்கு இருபதுக்கு அறை பூட்டப்பட்டிருக்கிறது. அடுத்த வரியில் நான் கையெழுத்துப் போட்டேன்: ஒன்பது முப்பத்தைந்து. நடுவில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

டிஸ்க், மைக்ரோமீட்டர்களுக்கு நடுவில், மஞ்சள் துணியில் சுற்றிப் படுத்திருந்தது. வயர் மாட்டும் துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. கேன்டீனிலிருந்து ஒரு பல்குச்சி வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். அவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயரை மாட்டிப் பட்டியலை மறுபடி கேட்டேன். இரண்டு டிஸ்க்கும் வந்தன. காலையிலிருந்து பார்த்ததைத் தவிர நான் எதையும் செய்யவில்லை என்பதால், சரிசெய்யவும் எதுவும் இல்லை. எதையும் திருத்தாமல் ஒரு முறை சோதித்தேன், பழுதில்லை. பகுதி திறந்தது. பத்து பதினான்கு. கேளம்பாக்கத்துக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. லைன் ஓட ஆரம்பித்தது.

அவளுடைய லாட்டைத் தேடினேன். இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் அவள் எண், விட்டம் அளவுக்கு மேல், ஹோல்டு, அளந்த அன்று காலை பத்து பதினேழு. இரண்டாவது வரியில் ஹோல்டு நீக்கம், பத்து ஐம்பத்தெட்டு. நீக்கியது உற்பத்தி மேலாளரின் லாகின்.

பெட்டியை யார் எடுத்தது என்ற செய்தி அதற்குள் அவருக்குப் போய்விட்டது. இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேடம், சர்வர் டிஸ்க்கை அவ கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கா. டேம்பரிங். இது ஒண்ணு போதும், வெளிய அனுப்ப." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா எனக்கும் மனசு வரல. நீங்க பூஜை மேட்டரை ரிப்போர்ட்ல எழுதாதீங்க. ஸ்கிரீன்ல ஹோல்டு வரி மட்டும் காட்டுங்க. அவ தப்பிச்சுப்பா. மத்தது எதுக்கு?"

மத்தது என்பது இரண்டாவது வரி.

பாதிச் செய்தி போடுவதை நான் அறிவேன். அதில் யார் பிழைப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் இங்கே போகப்போவது என் வேலை மட்டும் அல்ல. கேன்டீனுக்குப் போய், அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவளிடம் சொன்னேன்.

அவள் யோசித்தது ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்தான்.

"ஒரு வரி மட்டும் காட்டினா, ஹோல்டு போட்டுட்டு அப்பால நான்தான் எடுத்து உட்டேன்னு நாளைக்கு சொல்லமாட்டான்னு இன்னா கீது? ரெண்டு வரியும் போடுக்கா. பொட்டு வெச்சதயும் போடு. நான் இன்னா திருடினேனா?"

மூன்று மணிக்கு, பணியாளர் அதிகாரியின் அறையில் என் அறிக்கையை நின்றபடி படித்தேன். என் தவறிலிருந்து தொடங்கினேன்: வெளி டிஸ்க்கை நிரந்தரமாக விட்டது நான், லேபிள் ஒட்டாதது நான், அவளுக்குப் பெட்டியைத் தட்டிக் காட்டியது நான். சர்வர் நின்ற பிறகுதான் டிஸ்க் எடுக்கப்பட்டது, அதற்குப் பின் அது பூட்டிய அறையில் இருந்தது, இதோ பதிவேடு. சேர்த்து வைத்த இரண்டு டிஸ்க்கில் ஒன்றை மட்டும் எடுத்துப் போய் ஒரு வரியைத் திருத்த இந்த ஆலையில் யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். இரண்டு வரியும் இருந்தன.

பணியாளர் அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மேலாளர் சொன்னார்: "என் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும் சார்."

இருக்கலாம். நான் ஊகிக்கவில்லை. அவர் சொன்னதை நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டேன்: மூன்று இருபத்தாறு.

அவள்மீதான விசாரணையைக் கைவிட்டார்கள். திங்கட்கிழமை அவள் அதே மேஜையில் உட்கார்ந்தாள். வந்த உடனே எனக்கு ஒரு கேள்வி: "பொட்ட அழிச்சுட்டியாக்கா?" அழிக்கவில்லை. லேபிளை அதற்குக் கீழே ஒட்டியிருந்தேன். மேலாளர் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார். வேறொன்றும் அவருக்கு நடக்கவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. உற்பத்தி நின்றிருந்த நேரத்தில் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாதது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். மெமோவைக் கொண்டுவந்து கொடுத்த பணியாளர் அதிகாரி, "வருத்தம் தெரிவிக்கிறேன்னு ஒரு வரி எழுதிடுங்க மேடம், ஃபைலை மூடிடறேன்," என்று தணிந்த குரலில் சொன்னார்.

அவர் எதிரிலேயே எழுதிக் கொடுத்தேன். தாளின் முக்கால் பங்கு காலியாகவே இருந்தது.

'கட்டளையை எட்டு ஐம்பதுக்கு எழுத்தில் கேட்டேன். இன்றுவரை வரவில்லை. வந்தாலும் செய்ய மாட்டேன்.'

கீழே கையெழுத்து, தேதி, நேரம்.