எண்ணெய்க் குளியலும் ஷாக் பனியனும்

"பெட்டி அலறுது தம்பி. வந்து கழட்டிட்டுப் போயிருங்க."

நத்தத்திலிருந்து பாண்டியம்மாள் அக்கா போனில் இவ்வளவுதான் சொன்னார். பின்னால் அவர் வீட்டுக்காரர் அழகர்சாமி அண்ணன் என் வம்சத்தையே விசாரித்துக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

திண்டுக்கல்லில் மருத்துவக் கருவி ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை. இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுபோகும் ஆபத்து உள்ளவர்களுக்கு, உடம்பில் மாட்டிக்கொள்ளும் டிஃபிப்ரிலேட்டரைப் பொருத்திப் பழக்கிக் கொடுப்பேன். பார்க்கக் கையில்லாத பனியன். உள்ளே துடிப்பைப் பிடிக்கும் எலக்ட்ரோடு, இடுப்பில் பெட்டி. துடிப்பு கெட்டால் பெட்டி அதிரும், பிறகு சைரன் அடிக்கும். நினைவோடு இருப்பவர் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் ஷாக் வராது. மயங்கிக் கிடந்தால் அதுவே ஷாக் கொடுத்து உயிரைப் பிடித்து நிறுத்தும். பட்டனை நோயாளி மட்டுமே தொடலாம். அந்த நேரம் பக்கத்தில் இருப்பவர்கள் அவரைத் தொடக் கூடாது. முக்கியமாக, பதறக் கூடாது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அழகர்சாமி அண்ணன் மாந்தோப்புக் குத்தகைக்காரர். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனம். உடம்புக்குள் நிரந்தரக் கருவி வைப்பதா என்று முடிவாகும்வரை, குளிக்கும் நேரம் தவிர இதைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது மேனேஜர் எச்சரித்தார்: "யோவ், குடுத்தாருன்னு வாங்கிட்டு வந்துராதய்யா. அந்தாளு உயிரு அதுலதான் இருக்கு."

பழக் கொட்டகையில், வைக்கோல்மேல் பரப்பிய மாம்பழங்களுக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கிட்டே போனதும் நல்லெண்ணெய் வாசம் தூக்கியது.

"எண்ணெ தேச்சீகளாண்ணே?"

"சனிக்கெழம தேய்க்காம? நெஞ்சுலதான கோளாறு, அங்கதான் இம்புட்டு ஊத்தச் சொன்னேன்."

"சீயக்காயும் போட விடல தம்பி," என்றார் அக்கா. "ஊறட்டும்னு அப்படியே பனியனை மாட்டிக்கிட்டாரு."

எண்ணெயில் எலக்ட்ரோடு வழுக்கினால் பெட்டிக்குத் துடிப்பு சரியாகப் பிடிபடாது, கண்டதற்கும் அலறும். எடுத்துச் சொன்னேன். அண்ணன் காதில் ஏறவில்லை.

"கத்துதே தவிர ஒண்ணும் பண்ணல. இது ஷாக்கும் அடிக்காது, மண்ணும் அடிக்காது. ஏமாத்துச் சாமான். சந்தையில பயலுக சிரிக்கிறானுக. கழட்டுப்பா!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நேரத்தைக் கடத்தலாம் என்று, "முதுகுப் பக்கம் ஒருதரம் பாத்துர்றேண்ணே," என்று பனியனுக்குள் கையை விட்டேன்.

சைரன் அடித்தது.

என் கை அவர் முதுகில் இருந்தது. ஷாக் வந்தால் எனக்கும் பங்கு உண்டு என்று மூளை கணக்குப் போடும் முன்பே கால்கள் கிளம்பிவிட்டன. "ஐயோ அம்மா!" என்று தாவி மாம்பழங்கள்மேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து தவழ்ந்து, பழம் நிறுக்கும் பெரிய தராசுக்குப் பின்னால் பதுங்கினேன். "பட்டன்! பட்டன்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் சைரனே வாயடைத்துப் போயிருக்கும்.

அண்ணன் நிதானமாக இரண்டு பட்டன்களையும் அழுத்தினார். சத்தம் நின்றது. தராசுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீதான பதறக் கூடாதுன்னு பாடம் எடுத்தவன்?"

"ஆமாண்ணே."

"அப்ப நெசமாவே அடிக்குமாப்பா?"

"அ... அடிக்கும்ணே."

அவர் மனைவியிடம் திரும்பினார். "கம்பெனிக்காரனே இந்தத் தாவு தாவுறான்னா உள்ள விசயம் இருக்கு புள்ள. சோப்ப எடு. எண்ணெயக் கழுவிட்டு மாட்டிக்கிறேன்."

அக்கா கண்ணைத் துடைத்த அதே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் கழுவித் துவட்டி மாட்டியதும் பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு இரண்டு விஷயம். எண்ணெய்க் குளியல் என்றைக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பயம் வந்தால் மறைக்காதீர்கள். நம் விளக்கத்தை நம்பாதவர்கள்கூட நம் பயத்தை நம்பிவிடுகிறார்கள்.

மறுநாள் அண்ணன் பெட்டியோடு சந்தைக்குப் போனாராம். சிரித்தவர்களிடம், "தொட்டுத்தான் பாருங்களேன்டா," என்றாராம்.

ஒருத்தனும் கிட்டே வரவில்லையாம்.