கூடத்துச் சுவரில் ஒரு கப்சாய்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய சுவரில், ஒரு மோட்டார் சைக்கிள் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அழகுக்காக மாட்டியிருக்கிறோம் என்று நினைப்பு. அழகாவது, மண்ணாவது! என் வீட்டுக்காரர் அதில் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். ஒருநாள் தொழிற்சாலை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. வலிப்பு. அடுத்த மாதமும் வந்தது. இனிமேல் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் லோரியை வாங்கிக்கொண்டு, தேயிலைத் தூள் கூட்டும் வேலையைக் கொடுத்தார். மனுஷன் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் தன்னுடைய கப்சாயை, அந்தச் சின்ன மோட்டாரை, விற்க மட்டும் விடவில்லை. தினமும் துடைப்பார். துடைத்துவிட்டு ஏறி உட்காருவார். எங்கள் லைனிலிருந்து இறங்கும் சரிவு நேரே பெரிய சாலையில் போய் முடிகிறது. கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லோரிகள் அந்த முக்கில் வேகம் குறைப்பதே இல்லை.

பிரிஞ்சாங் டவுனில் பட்டறை வேலை செய்யும் அவர் தம்பிதான் வழி சொன்னது. யாரோ பணக்காரர் வீட்டில் மோட்டாரைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதைப் போனில் காட்டினான். இரும்புத் தாங்கி அடித்துக்கொண்டு வந்து, பெட்ரோலை வடித்துவிட்டு, நாலு பேராகத் தூக்கி மாட்டினார்கள். இறக்கவும் நாலு பேர் வேண்டும். விற்கவில்லை என்று அவருக்கு நிம்மதி, ஏற முடியாது என்று எனக்கு நிம்மதி. சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். வேலை விட்டு வந்தால் எதிரே நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டு கிடக்கட்டும், உயிரோடு கிடக்கிறாரே என்று இருந்தேன்.

போன ஆயுத பூஜையன்று காலையில் லைன் முழுக்கக் கழுவிய வண்டிகள். சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்குவது எங்கள் வழக்கம். நான் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். லைன் ஆட்கள் நாலு பேர் உள்ளே வந்து தாங்கியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கரண்டியோடு ஓடி வந்து கத்தினேன். அவர்களில் மூத்தவர் எங்கள் கங்காணி. அவர் நிதானமாகச் சொன்னார்:

"எல்லா வண்டிக்கும் பூஜை நடக்குது. இத மட்டும் செவுத்துல வச்சு சூடம் காட்டுனா நல்லாவா இருக்கும்? பழத்த நசுக்கிட்டு ஒடனே மாட்டிருவோம்லா. டேங்குல எண்ணெயும் இல்ல, சாவியும் ஒன்கிட்டதான் இருக்கு."

சாமி காரியம், நான் என்ன சொல்ல? வண்டியைத் தள்ளித்தான் நசுக்க வேண்டும், அவர் ஏறக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். டயருக்குக் காற்றடித்து வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரும் பின்னால் போனார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சாவி இருந்தது. கருகும் வாசனை வந்ததால் அடுப்பை அணைக்கப் போனேன். இறக்கத்துக்குச் சாவி எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெளியே ஒரே சிரிப்பு. அது சட்டென்று நின்றது. வாசலுக்கு வந்தேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன, மோட்டாரைக் காணோம், அவரையும் காணோம். கங்காணி கையைக் கீழே காட்டினார். பழத்தின் மேல் ஏற்றுவதற்காக உட்கார்ந்தவர், காலால் உந்தி அப்படியே சரிவில் விட்டுவிட்டாராம். எஞ்சின் ஓடினாலாவது எந்த வளைவில் போகிறார் என்று தெரியும். ஒரு சத்தமும் இல்லை. மஞ்சள் செவ்வந்தி மாலை தேயிலைக்கு மேலே கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது.

ஓடினேன். பாதி வழியில், கீழே ஒரு லோரி நீளமாக ஹாரன் அடித்தது. கால் நின்றுவிட்டது. மோதிய சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன். அடிப்பாவி, எதற்குடி காது கொடுக்கிறாய், ஓடு என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

சரிவு முடியும் இடத்தில் இருந்தார். சாலைக்கு ஒரு முழம் இப்பால், வண்டி மேலேயே, இரண்டு காலையும் ஊன்றியபடி. அவர் முகத்துக்கு நேரே லோரிகள் போய்க்கொண்டிருந்தன. போன வேகத்தில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வழியில் வலிப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மூளை இருக்கிறதா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் திரும்பவில்லை. பிடியை இறுக்கியிருந்த கை வெளுத்துப்போயிருந்தது.

"பிரேக் பிடிக்கக் கூடாதுன்னுதான் வந்தேன் புள்ள," என்றார். "கை பிடிச்சிருச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபமும் கத்தலும் எங்கே போயின என்றே தெரியவில்லை. நான் வலிப்புக்குப் பயந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

அதற்குள் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். நல்ல வேளை, சமயத்தில் பிரேக் பிடித்துவிட்டார் என்று கங்காணி சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் என் வீட்டுக்காரர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டியை மறுபடி மாட்டலாமா என்று கேட்டார்கள். என்னவோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறினேன்.

கல்யாணமான நாளிலிருந்து வெளியில் நான் அவர் கையைப் பிடித்து நடந்ததில்லை. லைனே வாசலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தோம். நான் அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கைய விடு புள்ள, கழுவிட்டு வரேன்," என்றார்.

விட எனக்குப் பயமாக இருந்தது.