நின்ற வண்டியில் சூடு

நாங்கள் ஜவ்வாது மலைக்குக் குடிபோனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. என் கணவர் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவதும், மலேரியா மருந்து அடிக்கும் ஆட்களை மேய்ப்பதும் அவர் வேலை. மலையில் அப்போது பஸ் கிடையாது. ஜல்லி கொட்டிய பாதை ஒன்று, அதில் எப்போதாவது மரம் ஏற்றும் லாரி. எங்களிடம் இருந்தது அவர் வேலூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மோட்டார் சைக்கிள். அவசரமென்றால் கீழே இறங்க அதை விட்டால் வேறு வழியில்லை என்பது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியும்.

ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. முந்தின நாள் ஒழுங்காக ஓடிய வண்டி, காலையில் எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை. ஹாரனை அழுத்தினால் சத்தம் இல்லை. பாட்டரி செத்திருந்தது. பாட்டரி இல்லாமல் பொறி வராத வகை வண்டி அது. சாவியை அணைக்க மறந்திருப்பேன் என்றார். லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பி, கீழே கண்ணமங்கலத்தில் சார்ஜ் ஏற்றி வாங்கினோம். பத்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு மறுபடி செத்தது. அதன்பின் நாள் கணக்கே இல்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் சாகும், ஒரு வாரம் பிழைத்திருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் காலையில் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, அவர் உதைக்கும் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். அப்போது எனக்கு ஆறு மாதம்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். எங்களுக்குச் சாமை கொண்டுவந்து கொடுக்கிறவர். அவர் மனைவிக்கு இரண்டு நாளாக வலி, குழந்தை திரும்பவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். கீழே போய் ஆஸ்பத்திரி ஜீப்பை அழைத்துவர வேண்டும் என்றார். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். வண்டி செத்துக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சரிவில் தள்ளினார்கள். அது ஒரு முறைகூட இருமவில்லை. கடைசியில் ஊரார் டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். பாதி மலை இறங்குவதற்குள் அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது.

யாரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வண்டி வரும் சத்தம் கேட்டால் பாதையை விட்டு விலகி நிற்கத் தொடங்கினார்கள். அதன்மேல் ஏதோ குந்தியிருக்கிறது என்று தண்ணீர்த் துறையில் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்கள்.

இந்த முறை என் கணவரே பாட்டரியோடு கண்ணமங்கலம் போனார். சார்ஜ் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், நிதானமானவர். பாட்டரியை ஒரு வாரம் கடையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார், இறங்கவில்லை. "பாட்டரி மேல குத்தம் இல்ல சார். நிக்கறச்சே வண்டிதான் அதைக் குடிக்குது. எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒயரைக் கழட்டி லேசா தொட்டுப் பாருங்க. பொறி வந்தா, இன்னும் கரண்ட் எங்கியோ ஓடுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவர் மூன்று நாள் தொட்டுப் பார்த்தார். பொறி வரவில்லை. நாலாம் நாள் காலை பாட்டரி செத்திருந்தது. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று, வண்டி நிற்கும் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். அப்படியும் நின்றபாடில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, நான் இல்லாதபோது நீ லைட்டைப் போட்டுப் பார்க்கிறாயா என்று என்னைக் கேட்டார். நான் எழுந்துபோனேன்.

மார்கழியில் மூடுபனி மதியம் வரை கலையாத ஒரு நாள். அவர் பதினோரு மணிக்கே வந்து, சாப்பிட்டுப் படுத்திருந்தார். மூன்று மணிக்கு விறகெடுக்கக் கொட்டகைக்குப் போனேன். வயிறு பெரிதாகியிருந்ததால், குனிந்து நிமிரும்போது வண்டியைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் ஐஸ் மாதிரி இருந்தது. கை சற்று நழுவி, அதன் முன்பக்கத்து உருளைமேல் பட்டது. சுட்டது. காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி அல்ல, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி. விறகைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். தண்ணீர்த் துறையில் கேட்டதெல்லாம் அந்த நேரத்தில் உண்மையாகத் தோன்றியது.

அவரை எழுப்பினேன். "ஏங்க, வந்து பாருங்க. வண்டி சுடுது."

"காலையிலதானே ஓட்டினேன்."

"எஞ்சின் ஜில்லுனு இருக்குது. கீழ உருண்டையா இருக்குதே, அது மட்டும் சுடுது."

வந்து கை வைத்தவர் குனிந்து பார்த்தார். அது டைனமோ, எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது. விளக்குக்கு மேலிருந்த கரண்ட் மீட்டரில் முள் நடுவில் நிற்காமல், பாட்டரி இறங்குவதைக் காட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டரி ஒயரைக் கழற்றித் தொட்டார், பொறி பறந்தது. விளக்கின் ஒயரை எடுத்துவிட்டுத் தொட்டார், ஹாரனுடையதை எடுத்துவிட்டுத் தொட்டார். அப்போதும் பறந்தது. டைனமோ ஒயரை எடுத்ததும் நின்றது. ஒயர்களைப் பழையபடி மாட்டி, அந்த ஒயர் போன வழியே கையைக் கொண்டுபோய், சீட்டுக்கு அடியிலிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்தார். கட்-அவுட் என்றார். எஞ்சின் ஓடும்போது அதன் இரண்டு முனைகளும் சேர்ந்து பாட்டரிக்குக் கரண்ட் அனுப்பும், நின்றதும் பிரிந்துவிட வேண்டும். பிரியாவிட்டால் பாட்டரியின் கரண்ட் திரும்ப டைனமோவுக்குள் ஓடித் தீரும். முனைகள் கருகியிருந்ததால் சில நாள் பிரியும், சில நாள் ஒட்டிக்கொள்ளும்; அன்று ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் மிளகளவுதான் இருக்கும். கத்தி நுனியால் நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம். மீட்டர் முள் நடுவுக்கு வந்து நின்றது.

கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. அன்றும் மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவியைப் பறிகொடுத்த அந்த மனுஷனிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றார். என்னத்துக்கு என்று கேட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார். நானும் கூடப் போனேன்.

அந்த மனுஷர் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கும் அதான் ஒட்டிக்கினு இருந்துதா சார்?"

"அதுவாத்தான் இருக்கணும்."

"முன்னாடியே நெம்பிவுட்டிருந்தா?"

"கெளம்பியிருக்கும்."

அவர் களத்தில் சிந்தியிருந்த சாமையைக் கையால் கூட்டிச் சேர்த்தார். பிறகு, "ஆத்தா கூப்ட்டுக்கினான்னு இருந்தேன் சார். அப்பிடியே வுட்டிருக்கலாம் நீங்க" என்றார். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

புதுக் கட்-அவுட் வாங்கிப் போட்ட பிறகும், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அவர் பாட்டரி ஒயரைக் கழற்றிவைத்தார். சொன்னது சரியா, தப்பா என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மாசியில் எனக்கு வலி எடுத்தபோது வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. இரண்டரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அவர் சர்க்கரைப் பொட்டலத்தோடு எல்லா ஊர்களுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை.