நன்மை வாங்காதவள்

செஞ்சியில் நான் ஆசிரியையாக இருந்தது நான்கு வருடம். அறுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமான எட்டாம் மாதம் கணவர் வேறொருத்தியோடு போய்விட்டார். திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பாவால் வருகிற போகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. வேலை உத்தரவு வந்த அன்று அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. வெயில் காலத்தில் கோட்டை மலையின் சூடு சுவர் வழியாகவே உள்ளே வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியதைத் தவிர அன்றைக்கு யாரோடும் பேசவில்லை என்பது சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் உறைக்கும்.

கோயிலுக்குப் போகாமலில்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள், "யார் பேருக்கு?" என்பார். எனக்கு முன்னால் நிற்கும் பெண்கள் புருஷன், பிள்ளை, மாமனார் என்று நட்சத்திரத்தோடு அடுக்குவார்கள். நான் என் ஒருத்தி பெயரைச் சொல்லி நிறுத்துவேன். இன்னும் வரும் என்று அவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில்கூட ஏறிப் பார்த்தேன். அவ்வளவு நெரிசலிலும் தனியாகப் போய்த் தனியாகத்தான் திரும்பினேன்.

மாதா கோயிலுக்குள் நான் நுழைந்ததற்குப் பக்தி காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மணி அடித்தது, எனக்கு வேறு வேலை இல்லை. லத்தீனில் நடந்துவந்த பூசை தமிழுக்கு மாறியிருந்த புதிது. சாமியார் ஒரு வரி சொல்ல, தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். இரண்டாவது வாரம் எனக்கும் அந்தப் பதில்கள் வந்துவிட்டன. எல்லோரையும் போல நானும் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்வேன். யார் பேருக்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது போதுமாக இருந்தது.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் என் பக்கத்தில் எப்போதும் ஓர் அக்கா உட்காருவாள். வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்பவள். வல்லம் பக்கத்திலிருந்து நடந்தே வருவாள். "தள்ளி ஒக்காருடி, எடம் இருக்குது பாரு" என்று என் தொடையில் தட்டுவாள். என்னை யாரும் 'டி' போட்டுக் கூப்பிட்டு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பூசையின் முடிவில் எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். கைக்குழந்தைகளும் நானும் மட்டும் மிஞ்சுவோம். ஒரு ஞாயிறு அந்த அக்கா குனிந்து கேட்டாள்: "இன்னாடி, நீ நன்மை வாங்கலியா?"

நன்மை என்றால் அவர்கள் பேச்சில் சாமியார் கொடுக்கும் திருவப்பம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த தமிழில், உனக்கு ஏதாவது நல்லது வேண்டாமா என்றுதான் அது காதில் விழுந்தது. அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. எழுந்து அவள் பின்னாலேயே போனேன்.

கடைசி வரிசையில் இருந்தவளுக்கு அதுவரை முதுகுகள்தான் தெரிந்திருந்தன. பீடத்தை மறித்திருந்த மரக் கிராதிக்கு முன்னால் மண்டியிட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து, தீர்த்தம் வாங்குவது போல் நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களோ கண்ணை மூடி நாக்கை நீட்டியிருந்தார்கள். சாமியார் நின்றார். "ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.

வாசலில் யாரோ அந்த அக்காவிடம் நான் யார் என்று சொல்லியிருந்தார்கள். ஓடி வந்தாள். "உன்ன நம்ம சனம்னு நெனச்சிட்டேன்... தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்." ஒரே மூச்சில் நான் 'நீ'யிலிருந்து 'நீங்க'ளாகிவிட்டேன். மரியாதை அவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் சாமியாரிடம் போய், நானும் சேரவேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்.

"எல்லாரும் எழுந்து போறப்ப நான் மட்டும் உக்காந்திருக்கேன் சாமி."

அவர் சிரிக்கவில்லை. "கஷ்டந்தான். ஆனா அதுக்காக ஞானஸ்நானம் குடுக்க முடியாதும்மா." பீடத்துக்கு மேலிருந்த சிலுவையைக் காட்டினார். "அவர நம்புறீங்களா?"

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அவர் கொடுத்த உபதேசப் புத்தகத்தை, கேள்வியும் பதிலுமாக, ஒரு மாதத்தில் தலைகீழாகப் பாடம் செய்தேன். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கூட இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிப்போக, தனியாகத் தொங்கிய அந்த மனிதர்மேல் எனக்குப் பாசம் வந்தது உண்மை. பாசம் வேறு, விசுவாசம் வேறு. பொய் சொல்லி உள்ளே நுழைய மனம் வரவில்லை. பழையபடி கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

ஒரு ஞாயிறு எல்லோரும் எழுந்தபோது அந்த அக்கா எழவில்லை. "போகலியாக்கா?" என்றேன். "கஞ்சி குடிச்சிட்டேங்க. சாப்ட்டா வாங்கக் கூடாது." அடுத்த ஞாயிறும் கஞ்சி. மூன்றாவது ஞாயிறும் அதையே சொன்னாள். சொல்லி வாயை மூடவில்லை, அவள் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. வெறும் வயிறு. என்னைத் தனியாக உட்காரவைக்க மனமில்லாமல், மூன்று வாரமாக அவள் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போங்கக்கா" என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். முட்டியை ஊன்றி எழுந்து அவள் கிராதிக்குப் போய்ச் சேருவதற்குள் சாமியார் பாத்திரத்தை மூடிக்கொண்டு பீடத்துக்குத் திரும்பிவிட்டார். அவள் வெறும் வாயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இருக்கட்டும் டீச்சர், அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்" என்றாள்.

நான் அங்கே இருக்கிறவரை அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மணி அடித்தபோது குளித்து, புடவை மாற்றி, அறைக் கதவை உள்ளே தாழிட்டு உட்கார்ந்துகொண்டேன். அழுகையாக வந்தது. அதற்குப் பிறகு நான் போகவே இல்லை. கூட்டம் எழுந்து முன்னால் போகிற நேரம் வந்ததும், அவளும் போயிருப்பாள், வாங்கியிருப்பாள் என்று நம்பினேன்.