கொலு ஏறிய ஸ்பீக்கர்

மந்தைவெளி பத்ரிக்குப் பாட்டு கேட்கத் தெரியாது. ஸ்பீக்கர் கேட்கத்தான் தெரியும். அப்பா வாங்கிய பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு. மிருதங்கம் முழங்கினால் பெட்டியும் சேர்ந்து கடகடக்கிறது என்பார். பல்லவி முடிவதற்குள் எழுந்து சுவரை விட்டுத் தள்ளி வைப்பார், அடியில் ரப்பர் செருகுவார், ஒயரை மாற்றுவார், உட்காருவார், மறுபடி எழுவார். ரிட்டையரானதிலிருந்து இதே உத்தியோகம்.

நவராத்திரிக்குக் கொலுப்படி ஒன்று குறைந்தது. மனைவி விஜயலக்ஷ்மி அவரைக் கேட்கவில்லை. ஸ்பீக்கர்கள் மேல் பலகையைப் போட்டு, வேஷ்டியை விரித்து, செட்டியார் பொம்மை முதல் கல்யாண செட் வரை அடுக்கிவிட்டாள். பத்ரி தாம்தூமென்று குதித்தார். அந்தக் கோபத்தோடேயே பாட்டைப் போட்டார்.

பெட்டி கடகடக்கவில்லை. மிருதங்கம் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. மங்களம் வரை அவர் அசையவில்லை.

மறுநாள் இருப்புக்கொள்ளவில்லை. எந்தப் பொம்மையின் கனம் பெட்டியை அடக்கியது? விஜயதசமிக்கு முன்னால் கொலுவைக் கலைக்கக் கூடாதென்று தெரிந்தும், ஒவ்வொரு பொம்மையாக இறக்கி இறக்கிக் கேட்டார்.

சுண்டலோடு வந்த விஜயலக்ஷ்மி, தரையில் கிடந்த பொம்மைகளைப் பார்த்தாள்.

"ஏன்னா, நேத்திக்கு நன்னாத்தானே கேட்டுண்டிருந்தேள்?"

"ஏன் நன்னா இருந்ததுன்னு தெரிய வேண்டாமா?" என்றார் பத்ரி, கையில் செட்டியாரோடு.

பாட்டு எப்போதோ முடிந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.