கூட்டேரிப்பட்டுக்குப் போய்ச் சேராத மெயில்

திண்டிவனத்தில் என் தொழிலுக்குச் சரியான பெயர் கிடையாது. போர்டில் 'பிசினஸ் மெயில் சர்வீஸ்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழே டீக்கடையில் கேட்டால், "மெயில் பாக்குறவரா? மாடியில இருக்காரு போங்க" என்பார்கள். அதுதான் சரியான பெயர். அரிசி ஆலை, விதைக்கடை, டிராவல்ஸ், விழுப்புரத்தில் ஸ்கேன் சென்டர் என்று நாற்பது பேருக்கு அவரவர் கடைப் பெயரிலேயே மெயில் முகவரி வாங்கிக் கொடுத்து, அது நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. இவர்களில் ஒருவர்கூடத் தன் மெயிலைத் தானே திறப்பதில்லை. பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தால் தொடவே மாட்டார்கள். "நீங்களே வெச்சிக்கினு பாருங்க சார், எதுனா வந்தா ஒரு போன் போடுங்க." அதனால் தினமும் காலையில் நாற்பது பெட்டிகளையும் நானே திறந்து, நானே படித்து, போனில் தமிழில் சொல்லிவிடுவேன்.

இந்த வேலை ஒருவனுக்குத் தலைக்கனத்தைக் கொடுக்கும். எனக்கும் கொடுத்தது. தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வாய் கிழியப் பேசுவேன். எல்லாருடைய பாஸ்வேர்டும் என் மேஜையில் இருக்கிறதே என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

என் நாற்பது பேரில் கடைசியாக வந்தவர் கூட்டேரிப்பட்டில் தையல் யூனிட் வைத்திருந்த ஒரு அம்மா. ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, பஞ்சர் கடைக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரே அறை. ஏழு மிஷின். அவரோடு ஆறு பெண்கள், எல்லாரும் சுற்று வட்டாரத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். அவரும் அப்படிப் போனவர்தான். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். இப்போது எழுதும்போது 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அப்போது போனில் அரிசி ஆலைக்காரருக்கு "சொல்லுங்க சார்", இவருக்கு "சொல்லும்மா, இன்னா வேணும்?" இதை நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமலே செய்தேன் என்பது இப்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு நர்சிங் பள்ளி. அங்கே புது வருஷ யூனிஃபார்ம் மொத்தத்தையும் ஒரே இடத்தில் தைக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த அம்மா நாலைந்து தடவை பஸ் ஏறிப் போய்ப் பேசி, பட்டியலில் தன் பெயரையும் சேர்த்திருந்தார். கம்பெனிப் பெயரில் மெயில் இருந்தால்தான் லெட்டர் அனுப்புவோம் என்று அங்கே சொல்லிவிட்டதால் என்னிடம் வந்தார். "லெட்டர் வந்த ஒரு வாரத்துல சாம்பிள் குடுக்கணுமாம் சார். இது கெடைச்சா எங்க ஏழு பேருக்கும் வருசம் பூரா வேலை இருக்கும். ஜல்தியா பண்ணிக் குடுங்க." பண்ணிக் கொடுத்தேன். ஒழுங்காகவே வேலை செய்தது.

அதற்கு மறுமாதம் எல்லாருடைய மெயிலையும் பழைய இடத்திலிருந்து வேறொரு இடத்துக்கு மாற்றினேன். மாற்றுவது என்றால் இரண்டு வேலை. புது இடத்தில் பெட்டி திறக்க வேண்டும். பிறகு, இன்னாருக்கு வரும் கடிதங்களை இனி இங்கே கொண்டு வா என்று வழிகாட்டும் பதிவையும் மாற்ற வேண்டும். கடையைப் புதுத் தெருவுக்கு மாற்றிவிட்டுப் போர்டைப் பழைய தெருவிலேயே விட்டுவந்தால் எப்படி இருக்கும், இரண்டாவது வேலையை விட்டால் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெரிய கடைக்காரர்களில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக முடித்து, ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்தும் பார்த்தேன். முப்பத்தொன்பது முடிந்தது. மயிலத்தில் ஒரு கல்யாணம், பந்திக்கு நேரமாகிவிட்டது. கடைசிப் பெட்டியைத் திறந்தேன், பதிவை மட்டும் மாற்றவில்லை. தையல்காரம்மாதானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். வந்து மறந்துவிட்டேன்.

பிறகு ஒன்பது நாள் காலையில் அவருடைய காலிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நானே போன் போட்டு, "இன்னிக்கும் ஒன்னும் இல்லம்மா" என்று சொன்னேன். அவரும் ஒன்பது நாளும் "சரி சார்" என்றார்.

பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"சார், நான் ஸ்கூலுக்குப் போன் பண்ணேன். லெட்டர் போன வாரமே அனுப்பிட்டோமேன்றாங்க. சாம்பிள் குடுக்கற நாளே முந்தாநேத்தோட முடிஞ்சிபோச்சாம். ஒரு தபா நல்லா பாருங்க சார்."

பார்த்தேன். பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதிவை மாற்றினேன், நானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், வந்து விழுந்தது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. தப்பு என்மேல், நானே பள்ளிக்கு வந்து பேசுகிறேன். அன்றைக்கே போயிருந்தால் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் நாற்பது பேருக்கும் இது தெரிந்தால் என் பிழைப்பு என்னாகும் என்றுதான் மனசு ஓடியது.

"நம்ம சைடு எல்லாம் கரெக்டா இருக்குதும்மா. அவங்கதான் அனுப்பல. நேர்ல போய்க் கேளு, வுடாத" என்றேன்.

அவர் விடவில்லை. மதியமே விழுப்புரம் போய், பள்ளி ஆபீசில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். பின்னால் சத்தமாகப் பேச்சு. கடிதம் அனுப்பும் வேலையைப் பார்த்தவர் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். "அனுப்பினதுக்கு என்கிட்ட அத்தாட்சி இருக்குது" என்று அந்தப் பெண் ஃபைலைப் பிரித்து ஒரு தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். இந்த அம்மா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். "இது இன்னான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

அது திரும்பி வந்த மெயில். இப்படி ஒரு முகவரி இங்கே இல்லை, உங்கள் கடிதத்தை ஒப்படைக்க முடியவில்லை என்று நான் பெட்டியை மூடிவிட்டு வந்த பழைய இடத்து சர்வர், எண்ணும் எழுத்துமாகக் குழப்பும் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் அனுப்பிய அறிவிப்பு. அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. ரிஜிஸ்டர் தபால் அனுப்பினால் கையெழுத்தோடு ஒரு அட்டை திரும்பி வருமல்லவா, அதுபோல, போய்ச் சேர்ந்ததற்கு வந்த அத்தாட்சி என்று நினைத்துவிட்டார். முகவரி சரியாக இருந்தது, அனுப்பிய கடிதமும் கீழே அப்படியே இருந்தது. பிரின்ட் எடுத்து, ஓட்டை போட்டு, பத்திரமாக ஃபைல் பண்ணியிருந்தார். என் தப்புக்கான சாட்சியை அவர் எனக்காகவே காப்பாற்றி வைத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். அந்த அறையில் அதைப் படித்துப் புரிந்துகொண்டவர் யாருமில்லை. நான் ஒருவன்தான், அதுவும் நாற்பது நிமிட பஸ் தூரத்தில்.

"ஸ்பீக்கர்ல போடறேன் சார், மேனேஜர் சாரும் இருக்காரு. நீங்களே சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

நான் சொன்னேன். நிதானமாக, விவரம் தெரிந்தவன் குரலில் சொன்னேன். "சார், அந்தப் பேப்பர்ல மெயில் எங்களுக்குச் சேரலைன்னுதான் போட்டிருக்குது. அதைப் படிக்காமலே ஃபைல் பண்ணி வெச்சிருக்காங்க. வந்த அன்னிக்கே பாத்திருந்தா மறுபடி அனுப்பியிருக்கலாம். எங்க மெயில் நல்லாத்தான் வேலை செய்யுது, இப்பவே டெஸ்ட் பண்ணிப் பாருங்க." டெஸ்ட் பண்ணினார்கள். ஒரு நொடியில் வந்து சேர்ந்தது. நான் சொன்னதில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. சேர்த்துப் பார்த்தால் பச்சைப் பொய். மேனேஜர் அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. இந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். "ஏழு பேரு வவுத்துல அடிச்சிட்டியேம்மா! படிச்ச பொண்ணுதான நீ?" அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று கேட்கக்கூட நிற்காமல் நான் போனை வைத்துவிட்டேன்.

யூனிஃபார்ம் வேலை புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டது. மேனேஜர் வருத்தம் தெரிவித்தாராம், ஆனால் முடிந்தது முடிந்ததுதான் என்றாராம். கூட்டேரிப்பட்டில் நான்கு மிஷின்களுக்கு உறை போட்டார்கள். நான்கு பெண்கள் கடலைக் காட்டுக்கு மல்லாட்டை பிடுங்கப் போனார்கள்.

அந்த அம்மாவுக்கு என்மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு மாதம் கழித்து, முகையூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மாவை என் மாடிக்கு அழைத்து வந்தார், புது வாடிக்கையாளராகச் சேர்க்க. என் எதிரிலேயே சொன்னார், "இவருகிட்ட குடுத்துட்டா பேஜாரே இல்லக்கா. அன்னிக்கி நம்ம பக்கம் நின்னு எப்படிப் பேசினாரு தெரியுமா?" நான் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய் நின்றேன். வெளியே வர வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்க மூன்று வாரம் ஆனது. இதையும் எழுதாமல் விடக்கூடாது.

ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். மூன்று மிஷின்களில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதிவை மாற்றாமல் பந்திக்குப் போனது, கண்டுபிடித்த பிறகு மறைத்தது, ஸ்பீக்கரில் பேசியது. மற்ற இரண்டு மிஷின்களும் நின்றுவிட்டன. அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு ஒன்னும் பண்ணலியா?" என்றார்.

"இல்லீங்க. அவங்க அனுப்பிட்டாங்க. அந்தப் பேப்பர் புரியலை, அவ்ளோதான்."

"நாலு பேரு எதிர்ல எவ்ளோ கேவலமா பேசினேன் தெரியுமா? நீங்க சொன்னீங்கன்னுதான சார் பேசினேன்."

யூனிஃபார்ம் வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கென்று வழியெல்லாம் நாலைந்து சமாதானம் தயார் பண்ணி வைத்திருந்தேன். எதுவும் உதவவில்லை.

"எழுதுங்க. இப்பவே, என் மெயில்லேர்ந்தே. தப்பு உங்களுது, அந்தப் பொண்ணுது இல்லன்னு. பேசினதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன்னும் போடுங்க. போய்ச் சேருதா இல்லியான்னு நான் பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன்."

எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி, தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரிக்கு விட்டார். என் பெயரையும் கடை முகவரியையும் கீழே போடச் சொன்னார். போட்டேன். அனுப்பினேன். டீ வந்தது, குடிக்காமல் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் பள்ளியிலிருந்து பதில் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி.

"இன்னா போட்டிருக்காங்க?"

நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"உங்கள் மெயில் கிடைத்தது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பெண் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை." உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "இன்னொரு தபா சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

"எதுக்காக வேலைலேர்ந்து நின்னுதாம்?"

"அது போடலீங்க."

"அந்தப் பொண்ணு ஊரு எதுன்னு கேட்டு எழுதுங்க" என்றார். "போய்ப் பாத்துட்டு வரணும். நீங்களும் வர்றீங்க. நான் பேச மாட்டேன், நீங்கதான் பேசணும்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து அந்தக் கேள்வியை டைப் அடித்தேன்.